வெள்ளீயத்தில் ஒரு துளை

வகையக்காவுக்கு உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் ஒரு எண். நமக்கு நாற்காலி என்றால் நாற்காலிதான், உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவோம். அவள் அப்படி உட்கார மாட்டாள். மரமா, இரும்பா, சுழல்கிறதா, மெத்தை வைத்ததா என்று ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் உட்காருவாள். ஒருமுறை பல் டாக்டரிடம் போனவள், அந்தச் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்தபடியே, "இது மத்த நாற்காலியோட சேராது டாக்டர், இதுக்குத் தனி நம்பர்" என்று சொல்லப் போனாள். வலியில் ஏதோ பிதற்றுகிறாள் என்று நினைத்து அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பல்லை அன்றைக்குப் பிடுங்கவில்லை.

அவள் பிழைப்பு அப்படி, வகையக்கா என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். கப்பலில் வந்து இறங்கும் சரக்கு இன்ன வகை என்று பிரித்து, அதற்குரிய எண்ணைச் சுங்கப் பத்திரத்தில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் சுங்கத் தீர்வை. இறக்குமதி செய்கிறவர்களுக்காகச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் முகவர் ஆபீஸ், தராசு ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். மூன்று மேசை, ஒரு பீரோ, எந்நேரமும் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு சுற்றும் ஒரு ஃபேன். ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கிரேன்களின் தலைகள் தெரியும். கீழே இருந்து நாளெல்லாம் எடைக்கல்லைத் தட்டும் சத்தம் வரும். அந்தச் சத்தம் நின்றால் அக்காவுக்கு வேலை ஓடாது.

வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் டெய்லர், தெருமுனையில் கடை. அவருடைய பொத்தான் டப்பாக்களை அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிளாஸ்டிக், உலோகம், துணி சுற்றியது, சுற்றாதது என்று பிரித்து அடுக்கிவிட்டாள். மறுநாள் ஒரு சட்டைக்கு ஆறு பொத்தான் தேட அவருக்கு அரை மணி நேரம் ஆனது. "என்னை எந்த டப்பாவுல போட்டிருக்கே?" என்று கேட்டார். "பழைய சரக்கு. ஆனா இன்னும் உபயோகத்துல இருக்கறதால கழிவுன்னு எழுத முடியாது" என்றாள் அக்கா. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு எதையும் அவர் எதிர்பார்த்ததில்லை.

இந்த வேலைக்கு அவள் டைப்பிஸ்டாகத்தான் வந்தாள். மதியம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில், தலையணை கனத்துக்கு இருக்கும் தீர்வைப் புத்தகத்தைப் புரட்டுவாள். மற்றவர்கள் வாரப் பத்திரிகையில் தொடர்கதை படிப்பார்கள், இவள் எண்பத்துநான்காம் அத்தியாயம் படிப்பாள். இரண்டு வருடத்தில் பரீட்சை எழுதினாள், தேறவில்லை. வெள்ளீயக் கட்டியைக் கொண்டுபோய் ஈயத்தோடு சேர்த்து எழுதியிருந்தாள். பேச்சில் எல்லோரும் இரண்டையும் ஈயம் என்றுதான் சொல்கிறோம். பரீட்சைத் தாளுக்கு அந்தத் தாட்சண்யம் எல்லாம் கிடையாது. அடுத்த தடவை தேறிவிட்டாள். ஆனால் வெள்ளீயத்தின்மேல் அவளுக்கு ஒரு கறுவல் விழுந்தது. பிறகு அதுவே பிரியமாக மாறிவிட்டது. சில பேருக்குக் கல்யாணமே அப்படித்தான் நடக்கிறது.

வெள்ளீயம் சாதுவான உலோகம். ஆனால் பத்திரத்தில் வந்து உட்கார்ந்தால் ஆளைச் சுற்றலில் விடும். அச்சில் ஊற்றி ஆறவிட்டு அப்படியே அனுப்பினால் அது கச்சா வெள்ளீயம்: கட்டியோ, செங்கல்லோ, மணியோ, எந்த உருவமானாலும் சரி. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெள்ளீயமாக இருந்தால் கலப்பற்றது, குறைந்தால் கலவை. உடைந்து தேய்ந்து இனி உதவாது என்று வந்தால் கழிவு. உருட்டி இழுத்துக் கம்பியாக்கினால் வேறு எண். ஒரு வேலைக்கென்று செய்து முடித்த பொருளாக வந்துவிட்டால் அது கடைசி எண், தீர்வையும் அங்கேதான் அதிகம். அக்கா கிடங்குக்குப் போனால் மெல்லிய கட்டி ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து மெள்ள வளைப்பாள். சுத்த வெள்ளீயம் வளையும்போது உள்ளே கறகறவென்று ஒரு சத்தம் வரும். ஈயம் கலந்திருந்தால் வராது. கிடங்குக் கூலிகள், "அக்கா ஃபோன் பேசுது" என்று கிண்டல் செய்வார்கள்.

சுங்க ஆபீசில் அவளுக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் ஓர் ஆய்வாளர். பெயர் இருந்தாலும் துறைமுகம் முழுக்க அவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, உருப்பெருக்கும் கண்ணாடி இருக்கும். பெட்டியைத் திறக்காமல் ஒரு சரக்கையும் விட மாட்டார். அக்கா கச்சா என்பாள், அவர் செய்பொருள் என்பார். அக்கா கழிவு இல்லை என்பாள், அவர் கழிவேதான் என்பார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் இருபத்திரண்டு வருடமாக ஒரே கவுண்டரின் இரண்டு பக்கம் நின்றார்கள்.

ஒருமுறை கப்பலிலிருந்து இறக்கும்போது வலை அறுந்து, வெள்ளீயக் கட்டிகள் தரையில் விழுந்து மூளி மூளியாக உடைந்துவிட்டன. உடைந்தது எல்லாம் கழிவு என்று அவர் எழுதப் போனார்.

"கீழ விழுந்து முட்டியைச் சிராச்சுக்கிட்டா பிள்ளை பிள்ளையில்லாம போயிடுமா சார்? உருக்கறதுக்கு வந்த கட்டி. உடைஞ்சா உருக்கறவனுக்கு வேலை மிச்சம்" என்றாள் அக்கா.

"உங்க பிள்ளையை நான் எடை போடணும்மா. ஒதுங்குங்க" என்றார் அவர்.

நான்கு நாள் நடந்தது அந்தச் சண்டை. ஐந்தாம் நாள் அவர் கச்சா என்றே எழுதிவிட்டு, "நீங்க சொன்னதுக்காக இல்ல. நான் படிச்சுப் பார்த்தேன்" என்றார். அன்று மாலை அக்கா பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்தில் நின்ற அம்மாள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். தோற்ற நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வீட்டில் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாக இடம் மாறும். டெய்லர் புரிந்துகொண்டு தையல் மெஷினை வேகமாக மிதிப்பார்.

சண்டையில் தோற்பது வேறு, பிழை வேறு. சரக்கு வெளியே போன பிறகு, எழுதிய எண் தப்பு என்று தெரிந்தால் அதுதான் பிழை. அதற்கென்று சுங்க ஆபீசில் ஒரு பதிவேடு உண்டு. கிளியரிங் தொழிலில் இருக்கும் அத்தனை பேரும் அதில் ஒருமுறையாவது ஏறியிருக்கிறார்கள், சிலர் பக்கம் பக்கமாக. வகையக்கா ஏறியதில்லை. இதை அவள் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டாள். மற்றவர்கள் சொல்லும்போது மட்டும் தடுக்க மாட்டாள்.

இனி அந்த வாரத்துக்கு வருவோம். வெள்ளிக்கிழமையோடு பூதக்கண்ணாடிக்கு ஓய்வு. செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு பத்திரம் கொண்டுபோனாள். முலாம் பட்டறைக்காரர் ஒருவருக்கு வந்த வெள்ளீயக் கட்டிகள், நாற்பது பெட்டி. அதே கம்பெனியிலிருந்து இதற்கு முன் பதினொரு தடவை வந்திருக்கிறது. பதினொரு தடவையும் கச்சா, கலப்பற்றது. பன்னிரண்டாவது தடவையும் அதே எண்ணை எழுதியிருந்தாள். அவர் தாள்களைப் புரட்டினார், கண்ணாடியை எடுத்து ஒரு தடவை பார்த்தார், முத்திரையை எடுத்துக் குத்திவிட்டார்.

"சார், பெட்டியைத் திறக்கலையா?"

"உங்க கையெழுத்து இருக்குல்ல. அப்புறம் என்னத்தைத் திறக்க?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கவுண்டரை விட்டு வெளியே வந்தவள் பத்திரத்தை மறந்துவிட்டுத் திரும்பப் போய் எடுத்து வந்தாள். அன்றைக்கு வீட்டில் இரண்டு தடவை டீ போட்டாள். டெய்லர், "யாரு வந்திருக்கா?" என்று எட்டிப் பார்த்தார்.

புதன்கிழமை மதியம் முலாம்காரர் ஃபோன் செய்தார். தங்கமான மனிதர், சரக்கு வந்து சேர்ந்ததும் நன்றி சொல்ல ஃபோன் பண்ணும் ஒரே வாடிக்கையாளர். "இந்தத் தடவை பிரமாதம்க்கா! நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருந்தேன். ஒவ்வொரு கட்டியிலயும் ஓட்டை போட்டே அனுப்பிட்டாங்க. கொக்கியை மாட்டி நேரா முலாம் தொட்டியில தொங்க விட்டுட்டோம். உருக்கற வேலையே இல்ல!"

அக்கா ஃபோனை வைத்தாள். முலாம் தொட்டியில் அப்படியே தொங்கவிட்டுக் கரைப்பதற்கென்று துளை போட்டு வந்த கட்டி, கச்சா இல்லை. அது செய்து முடித்த பொருள். கடைசி எண்.

ஃபைலை எடுத்தாள். இன்வாய்ஸில் ஒன்றுமில்லை, வழக்கமான வாசகம்தான். இரண்டாவது தாள் கட்டியின் வரைபடம், நகல் எடுத்தது. கட்டி தாளின் இடது ஓரத்தை ஒட்டி நெட்டுக்குத்தாக வரைந்திருந்தது. அதன் மேல்முனையில் கறுப்பாக ஒரு வட்டம். இதை அவள் அன்றைக்கே பார்த்தாள். மூலத்தாளை ஃபைலில் கோக்கப் போட்ட பஞ்ச் ஓட்டை, நகலெடுக்கும்போது கறுப்பாக விழுந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். வாழ்க்கையில் பல்லாயிரம் நகல் பார்த்தவளுக்கு ஓரத்தில் கறுப்பு வட்டம் தெரிந்தால் வேறென்ன தோன்றும்? நகல் பார்த்துப் பழகாத ஒருவரிடம் காட்டியிருந்தால், "கட்டியில ஓட்டை இருக்கே" என்று சொல்லியிருப்பார். பஞ்ச் மெஷின் எப்போதும் இரண்டு ஓட்டை போடும். தாளில் ஒன்றுதான் இருந்தது.

அக்கா அந்த ஒற்றை வட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து முதலாளியிடம் போய்ச் சொன்னாள். முதலாளி நல்லவர்தான், நன்மை என்பது அடுத்தவர் வம்புக்குப் போகாமலிருப்பது என்று நினைக்கிற நல்லவர்.

"யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"அது ஒரு பேச்சா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதே. தணிக்கைக்காரங்க ஆயிரத்துல ஒரு ஃபைலைத்தான் எடுக்கறாங்க. இதையா எடுக்கப் போறாங்க?"

எடுத்தால்? அதுதான் அக்காவைப் போட்டு அரித்தது. ஆய்வாளர் நாற்காலியில் இருக்கும்போது பிழை தெரியவந்தால் திருத்திவிட்டுப் போகலாம். அவர் ஓய்வு பெற்ற பிறகு தணிக்கையில் தெரிந்தால் விசாரணை. பெட்டியை ஏன் திறக்கவில்லை, யாருக்காகத் திறக்கவில்லை என்று கேட்பார்கள். அது முடிகிறவரை பென்ஷன் நிற்கும். இப்படித்தான் ஒரு பழைய ஆய்வாளர் மூன்று வருடம், தான் வேலை பார்த்த ஆபீசின் பெஞ்சிலேயே மனுவும் கையுமாக உட்கார்ந்திருந்ததை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறாள். பூதக்கண்ணாடியை அந்தப் பெஞ்சில் நினைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. ஆனால் இப்போதே போய்ச் சொன்னால், பதிவேட்டில் அவள் பெயர் ஏறும். அந்தக் கறையில்லாத பெயரைத்தான் அவள் இத்தனை வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பாற்றி வந்தாள்.

சாயங்காலம் டெய்லர் ஒரு கால்சட்டையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"நீ முடிவு பண்ணிட்டுத்தானே கேக்கறே?"

"பண்ணலைங்க. நிஜமா பண்ணலை. என் பேரு அதுல ஏறும்னு நினைச்சாலே நெஞ்சு அடைக்குது."

"யானைக்கும் அடி சறுக்கும். உனக்குச் சறுக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றவர், கால்சட்டையை மடியில் வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "தப்பாத் தைச்சது தெரிஞ்சா நான் என்ன பண்றேன்? கஸ்டமர் போட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி பிரிச்சுடறேன். போன பிறகு பிரிக்கணும்னா அவர் தெருவுல நிக்கணும்."

அக்கா எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்தாள். அன்றைக்குச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை காலை திருத்தக் கடிதத்தை எழுதி எடுத்துக்கொண்டு போனாள். "வகைப்படுத்தியதில் பிழை என்னுடையது" என்று முதல் வரி. பூதக்கண்ணாடி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். இருபது வருடத்துக் குண்டூசிகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே கடிதத்தைப் படித்தார். படிக்கப் படிக்கக் கை நின்றது.

"ஓட்டையா? எந்த ஓட்டை?"

அக்கா வரைபடத்தை நீட்டினாள். அவர் கண்ணாடியை எடுத்து அந்த வட்டத்தின் மேல் பிடித்தார்.

"இது பஞ்ச் ஓட்டை இல்லையோ? அன்னிக்கே பார்த்தேனே!"

"ரெண்டாவது ஓட்டை எங்க சார்?"

அவர் கண்ணாடியைத் தாளின் கீழ்ப்பக்கம் நகர்த்தினார். மேலே கொண்டுவந்தார். மறுபடி கீழே. பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. துறைமுகத்திலேயே கூர்மையான நாலு கண்ணும் ஒரே வட்டத்தைப் பார்த்து ஒரே மாதிரி ஏமாந்திருக்கின்றன. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை என்பார்கள். அங்கே பித்தளை யார், ஈயம் யார் என்று பிரிக்க முடியாமல் இரண்டும் சேர்ந்து இளித்துக்கொண்டிருந்தன.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் இறுகியது. "பொருளைப் பார்க்காம திருத்த முடியாது. வாங்க, பட்டறைக்குப் போவோம்" என்றார்.

இத்தனை வருடத்தில் கவுண்டர் நடுவில் இல்லாமல் அவர்கள் சேர்ந்து நடந்தது அன்றுதான். பட்டறை ஒரு நீளமான தகரக் கொட்டகை. தரையெல்லாம் ஈரம், மூக்கை அரிக்கும் அமில வாடை. தொட்டியின் குறுக்கே போட்ட பித்தளைக் கம்பியில் வெள்ளீயக் கட்டிகள் கொக்கியில் வரிசையாகத் தொங்கின. முலாம்காரர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். பிரிக்காத பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துக் கொடுத்தார். பூதக்கண்ணாடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது தூக்கற வசதிக்காகப் போட்ட ஓட்டை. கச்சாதான்."

அக்கா திடுக்கிட்டுவிட்டாள். "என்ன சார் சொல்றீங்க? தூக்கறதுக்கா? ஒத்தைக் கையில பிடிச்சிருக்கீங்க. எட்டு கிலோ. இதுக்கு எதுக்கு ஓட்டை?"

"கயிறு கோத்துக் கட்டறதுக்கு இருக்கலாம்."

"கயிறு கோக்கற ஓட்டைக்கு உள்ள எதுக்கு மரை? கொக்கியைத் திருகறதுக்குன்னே மரை வெட்டியிருக்கு, பாருங்க."

"அது மரை இல்லம்மா. வார்ப்புல விழுந்த கோடு."

"கொண்டாங்க அதை" என்று அக்கா அவர் கையிலிருந்த கண்ணாடியைப் பிடுங்கித் துளையின் மேல் வைத்தாள். "இது கோடா? சுத்திச் சுத்தி இறங்குது, இது கோடா சார்? நாலு வருஷம் முன்னாடி துத்தநாகத்துல இதே மாதிரி வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க? தொங்கவிடத் தயாரா வந்தா அது செஞ்ச பொருள்னு என்னை மூணு நாள் அலைய விட்டீங்களே!"

"அப்ப நான் தப்பாச் சொல்லியிருக்கலாம்."

"நீங்க தப்பாச் சொல்லலை!"

முலாம்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தனக்காகப் பேச வேண்டிய அக்கா தனக்கு எதிராகப் பேசுகிறாள், தீர்வை கேட்க வேண்டிய அதிகாரி வேண்டாம் என்கிறார். "ரெண்டு பேரும் இடம் மாறி நின்னுட்டீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

பூதக்கண்ணாடி கட்டியைப் பெட்டியின்மேல் வைத்தார். குரல் தணிந்தது. "ஏம்மா, எனக்கு இன்னும் ஒரு நாள்தான். நான் கச்சான்னு எழுதிட்டா விஷயம் முடிஞ்சது. உங்க பேரு எதுக்கு அந்தப் பதிவேட்டுல ஏறணும்? இத்தனை வருஷமா நான் எவ்வளவோ தேடியிருக்கேன். ஒரு பிழை கிடைக்கலை. எனக்கு அது பெருமை."

அக்கா பிடுங்கிய கண்ணாடியை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். "உங்க பென்ஷன் நிக்கக் கூடாது சார். அந்தப் பெஞ்சுல நீங்க உக்காரக் கூடாது. எழுதுங்க."

அவர் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தார். பிறகு ஈரமில்லாத ஒரு பெட்டியாகப் பார்த்து அதன்மேல் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். முலாம்காரருக்கு வித்தியாசத் தீர்வை கட்ட வேண்டும் என்று புரிந்தபோது ஒரு பெருமூச்சு விட்டார். "ஓட்டை கேட்டது நான்தானே. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை மேலதிகாரி இருவரையும் கூப்பிட்டார். அந்த அம்மாள் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இவர்கள் சரித்திரம் அவருக்குத் தெரியாது. அவர் மேசையில் இரண்டு தாள். ஒன்றில், "வகைப்படுத்தியதில் பிழை என்னுடையது." இன்னொன்று அக்காவுக்கும் புதிது: "பெட்டியைத் திறக்காமல் விட்டது என் குற்றம். இறக்குமதி முகவர் மேல் தவறு இல்லை."

"தப்பு பண்ணினவங்க ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க. இங்க ஒரு தப்புக்கு ரெண்டு பேரு சொந்தம் கொண்டாடறீங்க" என்றார் அவர். சிரித்தாரா என்று சொல்ல முடியாது, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. "தணிக்கைக்கு முன்னாடி தானா வந்து சொன்னதால அபராதம் இல்ல. இன்னிக்கு சர்வீஸ்ல இருக்கும்போதே திருத்திட்டதால உங்க மேல விசாரணை இல்ல சார். சாயங்காலம் நிம்மதியா போங்க. இதே கடிதம் திங்கக்கிழமை வந்திருந்தா என் கையில எதுவும் இருந்திருக்காது." பிறகு அக்கா பக்கம் திரும்பினார். "ஆனா பதிவேட்டுல ஏத்தித்தான் ஆகணும்மா. விதி அது."

பதிவேட்டில் ஏற்றுவது அந்தப் பிரிவு ஆய்வாளரின் வேலை. அதாவது அவருடைய வேலை. வெளியே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு எல்லோரும் போட்டோவுக்காக அவரை எதிர்பார்த்து நின்றார்கள். அவர் பீரோவிலிருந்து பதிவேட்டை எடுத்து வந்து மேசையில் விரித்தார். தேதி எழுதினார். சரக்கு என்ற இடத்தில் வெள்ளீயம் என்று எழுதினார். பழைய எண், புதிய எண் எழுதினார். முகவர் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"எழுதுங்க சார். வெளிய காத்துக்கிட்டிருக்காங்க."

"இருங்கம்மா."

எழுதினார். அக்கா எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு எழுத்தாக, அழகாக, முழுப் பெயரையும் எழுதியிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் கையெழுத்தில் தன் பெயரை அவள் பார்த்ததே இல்லை. குறிப்பு என்ற கடைசிக் கட்டம் வழக்கமாகக் காலியாகவே இருக்கும். அதில் பொடி எழுத்தில் எழுதினார்: "தானே வந்து சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை." கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டை மூடினார். அவர் சர்வீஸில் கடைசிக் கையெழுத்து அது. போட்டோவுக்குப் போகும்போது, முகவர்கள் யாரும் நிற்காத வரிசையில் அக்காவையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டிவிட்டு, தையல் மெஷின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். அது மரமா இரும்பா என்று பார்க்கவில்லை. டெய்லர் மெஷினை நிறுத்தினார்.

"என்ன ஆச்சு? அவருக்கு ஏதாவது..."

"அவருக்கு ஒண்ணுமில்ல. நிம்மதியாப் போயிட்டாரு. பென்ஷன் அடுத்த மாசமே வரும்."

"உன் பேரு?"

"ஏறிடுச்சு."

"அதுக்கா இப்படி உக்காந்திருக்கே? விடு. இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணு."

"அதுக்கில்லைங்க" என்றாள் அக்கா. "திங்கக்கிழமை காலையில நான் யாருகிட்டப் போய்ச் சண்டை போடுவேன்?"